இளவேனில் நாட்கள்: கொஞ்சம் சமையல், கையில் ஒரு புத்தகம், வெளியே ஒரு மாலை

தமிழில் வேனிலை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலில் வருவது இளவேனில், பின்னால் வருவது முதுவேனில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்கு நன்றாகத் தெரியும். இளவேனிலில் விடிகாலை இன்னும் இதமாக இருக்கும், மாலையில் வெளியே நிற்கலாம், நடுப்பகல் மட்டும்தான் சுடும். முதுவேனில் வந்துவிட்டால் இரவில்கூட சூடு இறங்காது.

இந்த இளவேனில் சில வாரங்கள்தான். உங்கள் ஊரில் அது எந்த மாதம் வந்தாலும் சரி, "வெயில் ஆரம்பித்துவிட்டது" என்று அலுத்துக்கொண்டே பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கழித்தேன். இப்போது வருடத்திலேயே நான் ஆவலோடு எதிர்பார்ப்பது இந்த வாரங்களைத்தான். மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. நாளின் நடுப்பகுதியை வெயிலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், இரண்டு ஓரங்களையும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். காலை ஓரத்தில் சமையல், மாலை ஓரத்தில் வெளியே சாப்பாடு, நடுவில் நிழலில் உட்கார்ந்து வாசிப்பு. இதை முதல்முறையாகச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் மூன்று நாள்: வீட்டைக் கவனியுங்கள்

சமைக்கவோ வாசிக்கவோ தொடங்குவதற்கு முன் மூன்று நாள் உங்கள் வீட்டை மட்டும் கவனியுங்கள். ஒரு நாளில் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு என்று பலரும் நினைக்கிறார்கள். தெளிந்த வானம் உள்ள நாளில் அது பெரும்பாலும் சூரிய உதயத்தை ஒட்டித்தான் வரும். அதேபோல மிகச் சூடான நேரம் உச்சிப்பொழுது அல்ல. வெயில் உச்சியைத் தாண்டிய பிறகும் தரை வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள்தான் சூடு உச்சத்தைத் தொடும்.

இது தெரிந்துவிட்டால் ஜன்னல் கணக்கு எளிது. விடிந்ததும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள். வெளிக்காற்று வீட்டுக்குள் இருப்பதைவிடச் சூடாகப் படும் நேரத்தில், அநேகமாக ஒன்பது பத்து மணிக்கு, மூடித் திரையை இழுத்துவிடுங்கள். மாலையில் வெளியே சூடு தணிந்ததும் மறுபடி திறங்கள். எந்த அறைக்குள் எப்போது வெயில் விழுகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாசிக்க எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கும்.

காலை ஓரம்: ஒரே முறை அடுப்பு

அடுப்பை ஒரு நாளைக்கு ஒரே முறை, காலை எட்டரை மணிக்குள் ஏற்றி அணைத்துவிடுவதுதான் இங்கே நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒரே விதி. கேஸ் அடுப்பில் எரியும் வெப்பத்தில் கணிசமான பகுதி பாத்திரத்தில் சேராமல் அறைக்குள்தான் பரவுகிறது. இண்டக்ஷன் அடுப்பில் அந்த இழப்பு மிகக் குறைவு. அதோடு ஆவியும் சேரும். காற்றில் ஈரம் கூடினால் வேர்வை உலராது, வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. மத்தியானம் சமையலறையில் நின்றால் வெறும் வெயிலைவிட மோசமாகப் புழுங்குவது இதனால்தான். எதை வேகவைத்தாலும் மூடி போட்டு வேகவையுங்கள்.

அந்த ஒரு முறையில் என்ன செய்வது? ஆறினாலும் நன்றாக இருக்கும் பொருட்களை வேகவைத்து எடுத்துவைத்தால் போதும். முந்தைய இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை, நாலைந்து முட்டை, சில உருளைக்கிழங்கு, பச்சைக் காய் ஒரு கைப்பிடி. பீன்ஸ் மாதிரியான காயை உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் போடுங்கள். நிறமும் மொறுமொறுப்பும் அப்படியே நிற்கும். இவ்வளவுக்கும் நாற்பது நிமிடம் போதும். மத்தியானமும் ராத்திரியும் இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்வதுதான் சமையல், அடுப்புக்கு வேலை இல்லை.

வேகவைத்ததை வெளியே மறந்துவிடாதீர்கள். இந்தப் பருவத்தில் நான் மிகவும் கவனமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். ஏறக்குறைய 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். சோறு, நூடுல்ஸ் மாதிரியானவற்றில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை, அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு இறங்க வெகுநேரம் ஆகும். அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள்.

சரி, இனி ருசிக்கு வருவோம். குளிர்ந்த சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. நாக்கில் இனிப்பை உணரும் அமைப்பு வெப்பத்தைப் பொறுத்து வேலை செய்கிறது, குளிரில் மந்தமாகிவிடும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுகிற அளவுக்கு இனிப்பதும் இதனால்தான். வாசனையும் சூட்டில்தான் நன்றாக எழும்பும். ஆகவே குளிரவைத்துச் சாப்பிடப்போகும் எதையும் சூடாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்தபின் ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்து, எலுமிச்சைச் சாறோ உப்போ கொஞ்சம் கூட்டுங்கள். பெரும்பாலும் குறைவது உப்பு அல்ல, புளிப்புதான்.

இரண்டே இரண்டு சின்ன வேலைகளைக் கற்றுக்கொண்டால் இந்தப் பருவம் முழுக்க ஓட்டிவிடலாம்.

முதலாவது வெள்ளரிக்காய். அதில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். அப்படியே நறுக்கித் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டால் அரை மணி நேரத்தில் நீர்த்துப்போய் எல்லாம் ஒன்றும் இல்லாமல் ஆகிவிடும். எனக்குப் பல முறை அப்படித்தான் ஆனது. ஒருமுறை விருந்தாளிகளுக்காகக் காலையிலேயே கலந்து வைத்து, மத்தியானம் மூடியைத் திறந்தால் அடியில் ஒரு குவளைத் தண்ணீர். அதன்பின் கற்றுக்கொண்டது இது: அரை கிலோ வெள்ளரியைக் கட்டைவிரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவிப் பிசறி, சல்லடையில் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். முதலில் ஒவ்வொரு துண்டின் மேலும் முத்து முத்தாக ஈரம் கோக்கும். அப்புறம் சல்லடைக்குக் கீழே சொட்ட ஆரம்பிக்கும். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. கடைசியில் கையால் மெல்லப் பிழிந்தால் துண்டு ரப்பர் மாதிரி வளையும், ஆனால் கடித்தால் நறுக்கென்று உடையும். இதில் தயிர், நசுக்கிய பூண்டு ஒரு பல், கிள்ளிப்போட்ட புதினா, அவ்வளவுதான். இனி உப்பு சேர்க்க வேண்டாம், வெள்ளரியிலேயே இருக்கிறது.

இந்தப் புதினாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது உண்மையில் வாயைக் குளிர்விப்பதில்லை. அதிலுள்ள மெந்தால், குளிரை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருமே தனித்தனியாக மெந்தாலைக் கொண்டுதான் இந்த ஏற்பியைக் கண்டறிந்தார்கள். வெப்பமானியில் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை என்றாலும், வாய்க்கு அது குளிர்தான். நாலு இலை கிள்ளிப் போடும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இரண்டாவது வெங்காயம். ஊதா வெங்காயம் ஒன்றை எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக நறுக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அரை டீஸ்பூன் உப்பும் மூழ்கும் அளவுக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றுங்கள். இருபது நிமிடத்தில் வெளிறிய ஊதா நிறம் பளிச்சென்ற ரோஜா நிறமாகிவிடும். ஊதா நிறத்தைக் கொடுக்கும் பொருள் புளிப்பு பட்டால் சிவப்பாக மாறக்கூடியது. காரம் தணிந்து லேசான இனிப்பு தெரியும். கொண்டைக்கடலை மேல், முட்டை மேல், உருளைக்கிழங்கு மேல் எதன்மேல் வேண்டுமானாலும் போடலாம். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். வேகவைத்த கடலை ஒரு கிண்ணம், இந்த வெங்காயம் இரண்டு ஸ்பூன், கொஞ்சம் எண்ணெய், அதே கிண்ணத்துப் புளிச்சாறு ஒரு ஸ்பூன். மத்தியானச் சாப்பாடு முடிந்தது.

தக்காளியை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வாசனை குன்றிவிடும். நன்றாகப் பழுத்து, இன்றோ நாளையோ கெட்டுவிடும் என்றால் மட்டும் வைக்கலாம். தர்ப்பூசணியும் முழுதாக இருக்கும்வரை வெளியேதான். வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தரையில் பட்ட இடம் வெள்ளையாக இருந்தால் சீக்கிரம் பறித்தது, வெண்ணெய் நிறத்தில் மஞ்சளாக இருந்தால் நன்றாக முற்றியது. பறித்தபின் அதன் இனிப்பு கூடாது என்பதால் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிட வேண்டும். வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவுங்கள், கத்தி தோலிலிருக்கும் அழுக்கைச் சதைக்குள் கொண்டுபோய்விடும். வெட்டியது எதுவும் வெளியே இருக்கக் கூடாது.

நடுப்பகல்: நிழலும் புத்தகமும்

கோடையில் 'லேசான' புத்தகம்தான் படிக்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. கனமான புத்தகம் என்பதால் யாரும் பாதியில் விடுவதில்லை, ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லும் புத்தகத்தைத்தான் விடுகிறார்கள். அதனால் எடையைப் பார்க்காதீர்கள், அத்தியாயத்தின் நீளத்தைப் பாருங்கள். பதினைந்து இருபது பக்கத்தில் ஒரு நிறுத்தம் வருகிறதா? எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகதைத் தொகுப்பு, கடிதங்கள், பயணக் கட்டுரைகள், சின்னச் சின்ன அத்தியாயங்களாகப் போகும் பெரிய நாவல், எல்லாமே சரிவரும்.

புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தங்கள் வேகத்தை அளந்துகொள்வது நல்லது. எடுத்த புத்தகத்தில் பத்து நிமிடம் வழக்கம்போல வாசித்து, எத்தனை பக்கம் போனது என்று பாருங்கள். ஆறு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 150 பக்கப் புத்தகத்துக்கு 250 நிமிடம், அதாவது நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். தினம் நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்குள் முடியும். 'நேரமே இல்லை' என்று மலையாகத் தெரிந்தது இந்தக் கணக்கைப் போட்டதும் சுருங்கிவிடும். வேகத்தைக் கூட்ட முயற்சி செய்ய வேண்டாம், அது போட்டி அல்ல.

நாற்பது நிமிடத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். உடம்பின் உள்கடிகாரமே பிற்பகலில் ஒருமுறை தளர்ந்து கண்ணைச் செருக வைக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டால் அது இன்னும் கூடும். அந்த நேரத்தில் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, 'எனக்கு வாசிப்பு வராது' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. தூக்கம் வந்தால் தூங்குங்கள். காலையிலேயே சமையல் முடிந்துவிட்டதால் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டேகால் வரை உங்கள் நேரம்தான்.

உட்கார ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இடம் பாருங்கள். வெளிச்சம் தோளுக்கு மேலிருந்து பக்கத்தில் விழ வேண்டும், நேர்வெயில் தாளில் விழக் கூடாது. வெள்ளைத் தாள் வெயிலைத் திருப்பி அடித்து ஐந்து நிமிடத்தில் கண்ணைக் கூச வைத்துவிடும். மின்மை (இ-இங்க்) திரை உள்ள, கிண்டில் மாதிரியான வாசிப்புக் கருவி தாளைப் போலவே வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதால் வெளியிலும் தெளிவாகத் தெரியும். போன் திரை வெயிலில் மங்கிவிடும், தவிரப் பெரும்பாலான போன்கள் 35 டிகிரி வரையிலான சூட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. அச்சுப் புத்தகத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். முதுகுப் பசை இளகிப் பக்கங்கள் கழன்றுவிடும். பக்கத்தில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொண்டால் வேர்த்த விரல் தாளில் படாது.

அப்புறம் ஒன்று. வீட்டில் வேறு யாராவது இருந்தால், வாசித்ததில் பிடித்த ஒரு பக்கத்தைச் சாப்பிடும்போது அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருக்கும். மூன்றாம் நாள் அவர்களே கேட்பார்கள்.

மாலை ஓரம்: வெளியே சாப்பிடுவது

வாரம் ஒரு மாலை போதும். மற்ற நாட்களில் அடுப்படி வேலை குறைந்துவிட்டதால், வெளியே போவது தப்பித்து ஓடுவதாக இல்லாமல் ஆசைப்பட்டுப் போவதாக இருக்கும். எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

சாப்பாட்டுக் கடை மாலையில் திறந்த முதல் அரை மணி நேரத்தில் போய்விடுங்கள். சமையல்காரர்களுக்கு அவசரம் இருக்காது, பரிமாறுபவருக்கு உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும், வானத்தில் வெளிச்சமும் மிச்சமிருக்கும். வெளியே மேசை போட்டிருந்தால் உட்காரும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மேற்கே பார்த்த சுவரும் கல் தரையும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். மரத்தடி கிடைத்தால் விடாதீர்கள். வெறும் நிழல் மட்டுமல்ல, மரம் இலை வழியாக நீரை ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றையும் தணிக்கிறது. குடைக்குக் கீழே கிடைக்காத இதம் மரத்துக்குக் கீழே கிடைப்பது அதனால்தான்.

மெனு அட்டை குட்டியாக இருந்தால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன். குறைவான ஐட்டம் செய்கிற இடத்தில் பொருள் வேகமாகத் தீரும், பழையது தங்காது. அட்டையைப் புரட்டுவதற்கு முன், "இன்னைக்கு எது புதுசா வந்திருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு முகம் மலர்ந்து பதில் வந்தால் அதையே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். வெயில் நாளில் பசி மெதுவாகத்தான் வரும். புளிப்பாகவோ குளிர்ச்சியாகவோ சின்னதாக ஒன்று, அதை இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அதற்கப்புறம் என்ன வேண்டும் என்று வயிறே சொல்லும். காரமாகச் சாப்பிடுவதா வேண்டாமா என்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. மிளகாயின் காரம், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் தூண்டுகிறது, உடனே வேர்க்கும். காற்றோட்டமான வெளியிடத்தில் அந்த வேர்வை உலர்ந்து உடம்பு ஜில்லென்று ஆகும். காற்றில்லாத அறையில் அதுவே தொல்லை.

சூடாக வர வேண்டியது ஆவி பறக்க வர வேண்டும், குளிர்ச்சியாக வர வேண்டியது தொட்டால் சில்லிட வேண்டும். வெதுவெதுப்பாக வந்தால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். பார்சல் வாங்கிப் பூங்காவில் சாப்பிடுவதாக இருந்தாலும் முன்னால் சொன்ன இரண்டு மணி நேர, ஒரு மணி நேரக் கணக்குதான்.

தனியாகப் போகத் தயங்குபவர்கள் பையில் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துப்போங்கள். நடுப்பகலில் வாசிக்கும் அதே புத்தகம் வேண்டாம், இது வேறொன்றாக இருக்கட்டும், கவிதையாக இருந்தால் இன்னும் நல்லது. உணவு வரும்வரை வாசியுங்கள். தட்டு வந்ததும் மூடிப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒருவர் நமக்காகச் சமைத்ததைப் பக்கம் புரட்டிக்கொண்டே விழுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பிட்டு முடித்தபின் கூட்டம் இல்லையென்றால் இன்னும் இரண்டு பக்கம். வாசலில் ஆட்கள் காத்திருந்தால் எழுந்துவிடுங்கள், மீதிக் கவிதைக்கு வரும் வழியில் ஒரு பெஞ்சு கிடைக்காமலா போகும்.

படுக்கப்போகும் முன்

வீடு திரும்பியதும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு லிட்டர் குடிநீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேயிலையைப் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெந்நீர் வேண்டாம். குளிர்ந்த நீரில் தேயிலையின் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும், அதனால் சர்க்கரை இல்லாமலே குடிக்கலாம். வெயிலில் வைத்து ஊறவைப்பவர்களும் உண்டு, ஆனால் அந்த வெதுவெதுப்பு கிருமிகளுக்குத்தான் வசதி, ஃப்ரிட்ஜே நல்லது. அப்படியே இன்னொரு பாத்திரத்தில் நாளைக்கான கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுங்கள். எட்டு மணி நேரத்தில் இரண்டும் தயாராகிவிடும். விடிந்ததும் தேயிலையை வடிகட்டி, ஒரு எலுமிச்சைத் துண்டைப் போட்டு, முதல் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.